முன்னாடி ஆயிரம், பின்னாடி முந்நூறு

மேற்கு மாம்பலத்தில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டை நாய் ஆஸ்பத்திரியாக மாற்றியிருக்கிறார்கள். திண்ணை இருந்த இடத்தில் மருந்துக் கவுன்ட்டர். ரேழியில் ஐந்து ஸ்டீல் நாற்காலிகள், ஒன்றோடொன்று பிணைத்தவை. ஒருவர் அசைந்தால் ஐவரும் அசைய வேண்டும். நான் ஐந்தாவதில் இருந்தேன். மடியில் பிளாஸ்டிக் கூடை, அதற்குள் பக்கத்து வீட்டுப் பூனை. தடுப்பூசிக்கு வந்திருந்தோம். நாய்க்காரர்கள் கூடும் இடத்தில் பூனைக்காரனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பூனைக்கும் அது சம்மதமாகவே இருந்தது.

பத்தேகால் மணிக்கு சீனு வந்தான்.

ஆட்டோவில் வந்தான். லாப்ரடார். உடம்பு கோதுமை நிறம், முகவாய் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. முன்கால் இரண்டையும் தானே ரோட்டில் ஊன்றிவிட்டான். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி வண்டியிலும் பாதி தெருவிலுமாக நின்றான். ஆட்டோக்காரர் இறங்கி வந்து, கழுத்தில் கிடந்த துண்டை உருவி, சீனுவின் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்பாதியைத் தூக்கி இறக்கினார். பலமுறை செய்த கை.

"வெயிட்டு ஏறிட்டாப்ல சார்."

"எலும்பே அப்படிப்பா, அந்த ஜாதி" என்றார் கூட வந்த பெரியவர். எழுபதைத் தாண்டியவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒரு பூதக்கண்ணாடி. பின்னாலேயே மாமி, கையில் சீனுவின் ஃபைல்.

ரேழிக்குள் நுழைந்ததும் சீனு உட்கார நினைத்தான். நினைப்பதற்கும் உட்காருவதற்கும் நடுவே நேரம் எடுத்தது. பின்னங்காலை மடக்கப் போனான், நிறுத்தினான், ஒரு அடி நகர்ந்தான், மறுபடி மடக்கப் போனான். கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து பொத்தென்று விழுந்தான். விழுந்த பிறகு எங்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான், வேண்டுமென்றேதான் விழுந்தது போல.

அவ்வளவுதான், ரேழியில் இருந்த எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள்.

பக் நாயை மடியில் வைத்திருந்தவர் முதலில் ஆரம்பித்தார். "க்ளூக்கோசமின் குடுங்க சார். எங்க பெரியப்பா வீட்டு நாய் பத்தே நாள்ல மாடி ஏறிடுச்சு."

கவுன்ட்டர் பையன் எட்டிப் பார்த்து, "ஆட்டுக்கால் சூப் வைங்க மாமா. காலுக்குக் கால்தான்" என்றான். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த சூப்பில் ஒரு அபாயம் உண்டு. அது ஆட்டுக்காலில் இல்லை, அதோடு வேகும் சின்ன வெங்காயத்தில். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. மாமி வீட்டில் ஆட்டுக்கால் வேகப்போவதில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது.

மூன்றாவது நாற்காலியில் ஒரு இளைஞன். காலடியில் கிரேட் டேன் குட்டி, நாலு மாதம் இருக்கும், அதற்குள் அவன் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கையில் கால்சியம் சிரப், ஒரு லிட்டர் பாட்டில். குட்டியின் எலும்பு உறுதியாக வளரட்டும் என்று வாங்கியிருந்தான். பெரிய ஜாதிக் குட்டிகளுக்குக் கால்சியத்தை அளவுக்கு மேல் ஊற்றினால் எலும்பும் மூட்டும் கோணிக்கொண்டுதான் வளரும். சரியான குட்டித் தீனியிலேயே வேண்டியது இருக்கிறது. எட்டு வருடம் கழித்து இதே ரேழியில் அவனும் ஒரு துண்டோடு வந்து நிற்கக்கூடும். பாட்டிலை அவன் குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தான்.

முதலில் உள்ளே போனது பூக்காரம்மாவும் மணியும். டாக்டர் அறைக்குப் பாதிக் கதவுதான். பேச்செல்லாம் ரேழிக்கு வந்துவிடும்.

மணி தெருநாய். செம்பட்டை நிறம், ஒரு காது நுனியில் கத்தரித்த அடையாளம். மாநகராட்சி கருத்தடை செய்து விட்ட நாய். பன்னிரண்டு வயது என்றார் பூக்காரம்மா. வலது பின்னங்காலைத் தரையில் பட்டும் படாமலும் வைத்து நடந்தது. டாக்டர் சின்ன வயதுப் பெண். மணியின் இரண்டு தொடைகளையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்து அமுக்கிப் பார்த்தார். "வலது பக்கம் சதை கம்மியாயிடுச்சு பாருங்க. ரொம்ப நாளா அந்தக் காலை யூஸ் பண்ணலை." பிறகு விலாவைத் தடவினார். "உடம்பு நல்லா வச்சிருக்கீங்க. எடை கரெக்டா இருக்கு. இந்த வயசுல மூட்டுக்கு இதைவிடப் பெரிய மருந்து இல்ல. வலிக்கு அஞ்சு நாள் மாத்திரை தரேன், சாப்பாட்டோட குடுங்க. போதும்."

"டானிக்கு?"

"வேணாம்மா."

உள்ளே கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"காசு இருக்குது டாக்டரம்மா" என்றார் பூக்காரம்மா.

அந்த வாக்கியத்துக்குப் பிறகு டாக்டர் ஏதோ மெதுவாகச் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. பூக்காரம்மா வெளியே வரும்போது சீட்டில் இரண்டு வரி இருந்தது. கவுன்ட்டரில் மாத்திரையும் ஒரு சின்ன பாட்டிலும் வாங்கினார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பூக்கூடையில் ஈரத்துணிக்கு அடியில் வைத்தார். டாக்டர் தோற்றாரா, இல்லை தெரிந்துதான் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமாகவில்லை.

அடுத்தது சீனு. ரேழியிலிருக்கும் எடைபார்க்கும் மேடையில் ஏற்ற மூன்று பேர் வேண்டியிருந்தது. சிவப்பு எழுத்து ஓடி ஓடி நின்றது: 41.2.

"முப்பத்திமூணு இருக்கலாம்" என்றார் டாக்டர், உள்ளே போய் உட்கார்ந்ததும். "என்ன சாப்பிடறான்?"

"பெருசா ஒண்ணும் இல்லே டாக்டர்" என்றாள் மாமி. "கார்த்தால ரெண்டு இட்லி."

"நெய் விட்டு" என்றார் பெரியவர்.

"துளி நெய். மத்தியானம் ஒரு வாய் தயிர்சாதம்."

"ஒரு வாய்னா?"

மாமி ஒரு கையைக் குவித்துக் காட்டியிருக்க வேண்டும். "நிஜத்தைச் சொல்லு" என்றார் பெரியவர். "ரெண்டு கை டாக்டர், குவிச்சு."

"சாயங்காலம் இவர் காபி குடிக்கறச்சே மாரி பிஸ்கட் ரெண்டு. இவன் வந்து மூஞ்சியையே பாத்துண்டு நிப்பான். எப்படிக் குடுக்காம இருக்கறது, சொல்லுங்கோ."

"ராத்திரி?"

"ராத்திரிதான் அவன் சாப்பாடு. அந்த பாக்கெட் சாப்பாடு, ஒரு கிண்ணம்."

அதுவரை சொன்னதெல்லாம் மாமியின் கணக்கில் சாப்பாடே இல்லை.

டாக்டர் கால் பங்கு குறைக்கச் சொன்னார். உள்ளே யாரும் பதில் சொல்லவில்லை. சேர்க்கச் சொல்லியிருந்தால் அந்த இடத்தில் மூன்று கேள்வி வந்திருக்கும்: எது, எவ்வளவு, எங்கே கிடைக்கும். குறைத்தால் என்ன ஆகும் என்று, நாய்த்தீனி விற்கும் பியூரினா கம்பெனியே ஒரு ஆராய்ச்சி செய்தது. 48 லாப்ரடார் குட்டிகள், ஒரே ஈற்றில் பிறந்தவற்றை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு. ஆயுள் முழுக்க அப்படியே. 14 வருடம் நடந்து, 2002இல் முடிவு வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. அவற்றுக்கு மூட்டுவாதம் வந்ததும் வெகுவாகத் தள்ளித்தான். தீனிக்காரனே தீனியைக் குறை என்று சொன்ன அதிசயம். ஆனால் அந்த 25 சதவீதத்தைப் பாட்டிலில் அடைத்து விற்க முடியாது. கவுன்ட்டரில் அதற்கு அலமாரி கிடையாது.

"எழுந்திருக்கத்தான் சிரமப்படறான்" என்று பெரியவர் பேச்சை மாற்றினார். "கார்த்தால ஜாஸ்தி. எழுந்து நாலடி நடந்துட்டான்னா சரியாப் போயிடறது."

"அது மூட்டுவாதத்தோட லட்சணம்தான் சார். வீட்டுல தரை என்ன?"

"போன வருஷம்தான் டைல்ஸ் போட்டோம். அதுக்கு முன்னாடி சிவப்புக் காவித் தரை."

"வழுக்கறானா?"

"எண்ணெய் கொட்டின இடத்துல நடக்கறாப்ல நடக்கறான்."

"அவன் நடமாடற வழியில சாக்குப் போடுங்க. இல்லேன்னா ரப்பர் மேட். நகத்தையும் இன்னிக்கு வெட்டிடலாம், நீளமா இருந்தா பிடிமானம் கிடைக்காது."

மாமியின் புது டைல்ஸ் மேல் கோணிச் சாக்கு. மாமி ஒன்றும் சொல்லவில்லை. நாற்காலி மட்டும் கிரீச்சிட்டது.

"வேற மருந்து எதாவது குடுத்தீங்களா?"

"மஞ்சப்பொடி, பால்ல" என்றாள் மாமி. அது கெடுதல் இல்லை, ஆனால் அதிலுள்ள சத்து குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவு என்றார் டாக்டர். "மாத்திரை எதுவும்?"

பதில் வர நேரமானது. பிறகு பெரியவர், பள்ளிக்கூடத்துப் பையன் குரலில்: "போன மாசம். ஒரே ஒரு நாள். என் முட்டி வலிக்கு எழுதிக் குடுத்தது. பாதி."

"பேரு?"

"டைக்ளோஃபினாக்."

"வாந்தி? கக்கா தார் மாதிரி கறுப்பா போச்சா?"

"ரெண்டு நாள் சாப்பிடலே" என்றாள் மாமி. இந்தச் சேதி அவளுக்கே இப்போதுதான் தெரிகிறது என்பது அந்தக் குரலில் இருந்தது. "நான் வெயில்னு நெனைச்சேன்."

மனிதர் முட்டிக்குப் போடும் அந்த மாத்திரைகள், டைக்ளோஃபினாக்கும் ஐப்யூப்ரோஃபெனும், நாயின் வயிற்றைப் புண்ணாக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். டைக்ளோஃபினாக் இதைவிடப் பெரிய பாவமும் செய்திருக்கிறது. மாடுகளுக்கு அதைப் போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் இந்தியா முழுக்கக் கொத்துக் கொத்தாக அழிந்தன. கால்நடைகளுக்கு அதைக் கொடுப்பதை 2006இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் நீலகிரிச் சரிவில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் மிச்சம் மீதிக் கழுகுகள் வாழ்கின்றன. டாக்டர் கழுகைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "இனிமே உங்க மாத்திரை உங்களுக்கு, அவன் மாத்திரை அவனுக்கு" என்று மட்டும் சொன்னார். ரத்தம் எடுத்துக் கல்லீரலும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகே நாய்க்கான வலி மாத்திரை என்றார். எக்ஸ்ரேவுக்கு வேப்பேரி. சென்னையில் நாய் வைத்திருப்பவர்களுக்கு வேப்பேரி என்றால் ஊர்ப்பெயர் இல்லை. 1903இல் ஆரம்பித்த அந்தக் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வந்துதான் ஆகும். "மூட்டுக்கு ஏதோ சப்ளிமென்ட் இருக்காமே டாக்டர்?"

"மீன் எண்ணெய் எழுதியிருக்கேன். குழந்தைங்களுக்குக் குடுக்கற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை இல்ல. அது ஈரல் எண்ணெய், வைட்டமின் ஏ, டி கூடிப்போகும். இதுல ஈ.பி.ஏ., டி.ஹெச்.ஏ.ன்னு ரெண்டு போட்டிருக்கும். ரெண்டும் சேர்த்து நாளைக்கு மூவாயிரம் மில்லிகிராம் வரைக்கும் போகணும். ஒண்ணுல ஆரம்பிச்சு மெதுவா ஏத்துங்க, இல்லேன்னா வயிறு இளகிடும்."

"க்ளூக்கோசமின்?"

"வேணும்னா குடுங்க."

"வேணும்னாவா?" பெரியவர் குரலில் உத்தியோகம் திரும்பி வந்துவிட்டது. "நான் ஆடிட்ல முப்பத்தஞ்சு வருஷம் இருந்தவன் டாக்டர். வேணுமா, வேண்டாமா?"

டாக்டர் சிரித்தார். "கெடுதல் இல்ல. நல்லதுன்னு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல."

அவர் சொன்னது நியாயமான வார்த்தை. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் நாய், பூனை மூட்டுவாதத்துக்கு அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் 2022இல் சலித்துப் பார்த்தார்கள். மீன் எண்ணெய் வகை தேறியது. க்ளூக்கோசமின், காண்ட்ராய்ட்டின் ஜோடி தேறவில்லை. வலிக்கு இனி அதைப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் உலகம் பூராவும் கடைகளில் முன்வரிசை அதற்குத்தான்.

ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் ஒரு ஜிம்மி இருந்தது. அதன் கடைசி இரண்டு வருடம் ஃப்ரிட்ஜ் மேல் பாட்டில் வரிசை. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பேன்: இன்று நன்றாக நடந்தது. இன்று வாசல்வரை வந்தது. தாள்கள் ஒரு கட்டு சேர்ந்தன. ஜிம்மி போன பிறகு அமெரிக்காவில் 2012இல் வெளியான ஒரு ஆய்வைப் படித்தேன். வெறும் போலி மாத்திரை தின்ற 58 நொண்டும் நாய்கள். கால் எவ்வளவு அழுத்தமாகத் தரையில் பதிகிறது என்று அளக்கும் தட்டின் மேல் அவற்றை நடக்கவிட்டார்கள். தட்டு முன்னேற்றம் காட்டாத இடத்திலும், பத்துக்கு நாலு தடவை வளர்த்தவர்கள் தேவலை என்று சொல்லியிருந்தார்கள். டாக்டர்களும் அவர்களுக்கு இளைத்தவர்கள் இல்லை. மாத்திரையை நாய் தின்கிறது, குணம் நமக்குத் தெரிகிறது. அந்தக் காலண்டர் கட்டை நான் இன்னும் எறியவில்லை.

இந்த டாக்டருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். "எதைக் குடுத்தாலும் சரி, ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி போன்ல ஒரு வீடியோ எடுங்க. படுத்திருக்கறவன் எழுந்து நாலடி நடக்கற மாதிரி. அறுபது நாள் கழிச்சு அதே இடத்துல இன்னொண்ணு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மாத்திரை வேலை செய்யலேன்னா நிறுத்திடுங்க."

ஆடிட்டருக்கு அது பிடித்திருந்தது.

கவுன்ட்டரில் பையன் மூன்று டப்பாக்களை வரிசையாக வைத்தான். பெரியவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். மூன்றிலும் முன்பக்கம் ஒரு நாய் புல்வெளியில் அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. திருப்பிப் பின்பக்கத்தை எடுத்துக்கொண்டார்.

"இது ஒரு மாத்திரைக்கா, ரெண்டு மாத்திரைக்கா?"

"எது மாமா?"

"இந்த ஐந்நூறு. கீழே பொடி எழுத்துல ரெண்டு மாத்திரைக்குன்னு போட்டிருக்கான். அப்ப ஒண்ணுக்கு இருநூத்தம்பது. இவன் எடைக்கு நாளைக்கு நாலு. டப்பாவுல அறுபது. பதினஞ்சு நாள்ல காலி. மாசத்துக்கு ரெண்டு டப்பா." பையன் வாயைத் திறப்பதற்குள் அடுத்த டப்பா திரும்பியது. "இது மீன் எண்ணெய். முன்னாடி ஆயிரம்னு போட்டிருக்கான். பின்னாடி நூத்தியெண்பது, நூத்தியிருபது. முந்நூறுதான் வருது. மீதி எழுநூறு எங்கே?"

"அது எண்ணெய் மாமா."

"எண்ணெய்னா?"

"சும்மா எண்ணெய்."

"டாக்டர் சொன்ன மூவாயிரத்துக்கு இதுல பத்து மாத்திரை முழுங்கணும். அவன் உடம்பைக் குறைக்கச் சொல்லிட்டு தினம் பத்து மில்லி எண்ணெய் ஊத்தறதா?" பையன் உள்ளே போய் வேறொன்றைத் தேடி வந்தான். அதே ஆயிரம், பின்னால் கூட்டினால் அறுநூறு. பெரியவர் வெற்றிக்களையோடு மாமியைப் பார்த்தார்.

மாமி அந்த நேரத்தில் முதல் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஏண்டாப்பா, இதுல என்ன இருக்கு?"

"மூட்டுக்கு நல்லது மாமி."

"அது தெரியறது. எதுல பண்றான்னு கேக்கறேன்."

பையனுக்குத் தெரியவில்லை. க்ளூக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. காண்ட்ராய்ட்டின் மாடு, பன்றி, சுறாவின் குருத்தெலும்பிலிருந்து. கவுன்ட்டரில் கிடந்த மூன்றாவது டப்பாவில் நியூசிலாந்துக் கடலின் பச்சை உதட்டுச் சிப்பி. இன்னும் உயர்ந்த சரக்கில் கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பு. மாமி டப்பாவை முகர்ந்தாள். மூக்கைச் சுளித்தாள். ஆனால் கீழே வைக்கவில்லை.

"ஆத்துக்குள்ள எங்க வைக்கறது இதை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பிறகு: "மாடிப்படிக்கு அடியில ஒரு ஸ்டூல் போட்டு வச்சுக்கலாம். குடுத்துட்டுக் கையலம்பிண்டா ஆச்சு."

"டாக்டர் வேணும்னான்னுதானே சொன்னா" என்றார் பெரியவர்.

"அவனுக்கு வேணும்" என்றாள் மாமி. மீன் எண்ணெயும் க்ளூக்கோசமினும், இரண்டுமே பைக்குள் போயின. ஆடிட்டர் ஆட்சேபணை எழுதாமல் பணத்தை எண்ணினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். பூனைக்கு ஊசி போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அது கத்தவுமில்லை.

வெளியே வந்தபோது அவர்கள் எதிர்ப்பக்க டீக்கடை நிழலில் ஆட்டோவுக்காகக் காத்திருந்தார்கள். சீனு தரையோடு தரையாகப் படுத்திருந்தான். பெரியவர் நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"சீனு, கம். கெட் அப். கம்."

நம் வீட்டு நாய்களோடு நாம் ஏன் இங்கிலீஷில் பேசுகிறோம் என்பது எனக்குப் பிடிபடாத விஷயம். சீனு வாலை மட்டும் ஒருமுறை தரையில் தட்டினான்.

"எழுந்திருடா, கண்ணா. வீடியோ ஓடிண்டிருக்கு."

வால்கூட அசையவில்லை. மாமி டீக்கடைக்குள் போனாள். கண்ணாடி ஜாடி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பொறையோடு திரும்பி வந்து, பெரியவருக்குப் பின்னால் நின்று, அதை உயரத் தூக்கிக் காட்டினாள்.

சீனுவின் மூக்கு முதலில் எழுந்தது. பிறகு தலை. முன்கால் இரண்டையும் ஊன்றி நெஞ்சைத் தூக்கினான். அங்கே ஒரு நிறுத்தம். பின்பக்கம் ஒரு தடவை எக்கி, சரிந்தது, மறுபடி எக்கியது. தொடை நடுங்குவது ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே தெரிந்தது. நின்றுவிட்டான். நாலு அடி வைத்தான்.

"ஏழு செகண்ட்" என்றார் பெரியவர். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாமி பொறையைக் கையில் வைத்தபடி ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாள். அங்கே நான்தான் கூடையோடு நின்றிருந்தேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொறையை இரண்டாக உடைத்தாள். பாதியை மறுபடி இரண்டாக உடைத்து, ஒரு துண்டைச் சீனுவின் வாயில் வைத்தாள். மீதியைக் காகிதத்தில் சுற்றி மருந்துப் பைக்குள் போட்டாள்.

ஆட்டோ வந்தது, காலையில் வந்த அதே ஆட்டோ. மாமி முதலில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள். பை போன பக்கமே சீனுவின் மூக்கும் போயிற்று. முன்கால் இரண்டையும் தானே தூக்கி வண்டியில் வைத்தான். பின்பாதிக்கு ஆட்டோக்காரர் துண்டை உருவிக்கொண்டு இறங்கி வந்தார்.